சீன நாட்டில் மருத்துவர் கோட்னிஸ்

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் தொடர்வண்டிகள் பல சோலாப்பூர் நிலையத்தில் நின்று செல்கின்றன. கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்று திரும்பும்போது உங்களுள் சிலரும் அந்நிலையத்தைக் கண்டிருப்பீர்கள். பருத்தி ஆலைகளுக்கும் நெய்த போர்வைகளுக்கும் பெயர்பெற்ற ஊர் அது. சுற்றிலும் கரிசல் நிலம். சோளமே அந்நிலத்தின் தலையாய பயிர். அவ்வூரில் 1910ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10ஆம் நாள், எளிய நடுத்தரக் குடும்பம் ஒன்றில் துவாரகாநாத் சாந்தாராம் கோட்னிஸ் பிறந்தார். சகோதரர் இருவர், சகோதரியர் ஐவர் என உடன்பிறந்தோர் நிறைந்த வீடு அது.

அவர் வளர்ந்த காலம் அமைதியான காலம் அன்று. 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்படுத்தப்பட்ட செய்தி பரவியதும், சோலாப்பூர் ஆலைத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தனர். ஆங்கில அரசு அவ்வூரைப் படைத்துறைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்தது. அதன் தொடர்ச்சியாக அவ்வூரைச் சேர்ந்த நால்வர் 1931 சனவரியில் தூக்கிலிடப்பட்டனர். அந்த ஊரில் பிறந்த இளைஞர் ஒருவர், அடிமை நாடு என்பதன் பொருளை நூல்களில் தேடி அறிய வேண்டிய தேவை இருந்திராது.

கோட்னிஸ் மும்பையில் உள்ள சேத் ஜி. எஸ். மருத்துவக் கல்லூரியில் பயின்று மருத்துவரானார். மேற்பட்டம் பெறுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய வாழ்க்கையின் திசையை மாற்றிய செய்தி ஒன்று நாளிதழ்களில் வெளிவந்தது.

1937ஆம் ஆண்டு சூலையில் சப்பான் சீனத்தின்மீது பெரும்படையெடுப்பைத் தொடங்கியது. நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன. காயமுற்ற வீரர்களுக்கு மருந்திடப் போதிய மருத்துவர்கள் அந்நாட்டில் இல்லை. சீனப் படைத்தலைவர் சூ தே, மருத்துவ உதவி வேண்டி நேருவுக்கு மடல் எழுதினார். அடுத்த ஆண்டில் காங்கிரசின் தலைவராக இருந்த சுபாசு சந்திர போசு, இந்திய மக்களிடம் பொருளுதவியும் தன்னார்வ மருத்துவர்களும் வேண்டும் என்று அறிக்கை விடுத்தார். மக்கள் தந்த சிறுதொகைகள் திரண்டு 22,000 ரூபாய் ஆயின. உதவி கேட்ட நாடு விடுதலையை இழந்துகொண்டிருந்தது. உதவ முன்வந்த நாடோ அதனை முன்பே இழந்திருந்தது. தன் வீட்டுக் கூரை ஒழுகும்போது அண்டை வீட்டுத் தீயை அணைக்க ஓடியவர்களின் கதை என்றே இதனைக் கூறலாம்.

மருத்துவர் ஐவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அலகாபாத்தைச் சேர்ந்த அடல் குழுவின் தலைவர். அவர் அதற்கு முன்பு ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரில் மருத்துவப் பணி ஆற்றியவர். நாகபுரியிலிருந்து சோல்கர் வந்தார். கல்கத்தாவிலிருந்து முகர்ஜியும் பாசுவும் வந்தனர். ஐந்தாமவர் கோட்னிஸ், அப்போது அவருக்கு வயது 27.

விருப்பம் தெரிவித்துவிட்டார், ஆயினும் வீட்டாரின் இசைவு வேண்டுமே! அக்குடும்பத்தினர் சீன நாட்டைப் பற்றி அறிந்திருந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: அந்நாட்டிலிருந்து பட்டு விற்க வணிகர்கள் வருவார்கள் என்பது. இதனை அவருடைய தங்கை பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். பட்டு வருகின்ற நாட்டில் இப்போது குண்டு விழுகிறது என்பதும், அங்கே தம் மகன் செல்லப்போகிறான் என்பதும் தாய்க்கு எளிதில் ஏற்கத்தக்க செய்திகளா? தாய் மிகவும் வருந்தினார். தந்தை மகனுக்கு ஊக்கமளித்து அனுப்பிவைத்தார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்துவரும் நிகழ்ச்சிக்கு இது தேவைப்படும்.

1938ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், மருத்துவக் குழு 'ராஜபுதனா' என்னும் கப்பலில் மும்பையிலிருந்து புறப்பட்டது. ஹாங்காங் வழியாகக் கான்டன் நகரை அடைந்து, அங்கிருந்து உள்நாட்டுக்குள் சென்றது. ஆனால் போர் அவர்களைத் துரத்திக்கொண்டே வந்தது. அக்டோபரில் கான்டன் வீழ்ந்தது. அதே மாதத்தில் ஊகான் நகரும் வீழ்ந்தது. குழுவினர் யாங்சி ஆற்றின் வழியாக மேற்கு நோக்கிப் பின்வாங்கி, அப்போதைய தலைநகரான சுங்கிங்கை அடைந்தனர். அங்கே ஐவருக்கும் சீனப் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒவ்வொரு பெயரின் ஈற்றிலும் சீனத்தைக் குறிக்கும் 'ஹுவா' என்னும் சொல் அமைந்தது. கோட்னிஸ் 'கே திஹுவா' ஆனார்.

சுங்கிங்கில் தங்கியிருந்தபோதுதான் அச்செய்தி வந்தது. ஊரில் அவருடைய தந்தை காலமாகிவிட்டார்.

குழுவினர் வடக்கே உள்ள யெனானுக்குப் புறப்பட வேண்டிய நேரம் அது. அவ்வழியில் சென்றுவிட்டால் இந்தியாவுக்குத் திரும்புவது எளிதன்று. நம் நாட்டில் தந்தை இறந்தால் மகன் எங்கிருந்தாலும் வந்தாக வேண்டும் என்பது வழக்கம். ஊரார் கேட்கும் முதற்கேள்வியும் அதுவே. வெளியூரில் வேலை பார்ப்போர் நள்ளிரவில் வந்த செய்தி கேட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்படுவதை நீங்கள் உங்கள் வீடுகளிலேயே கண்டிருப்பீர்கள். உடன் இருந்தோர் கோட்னிசை ஊருக்குத் திரும்புமாறு அறிவுறுத்தினர். திரும்பியிருந்தால் எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் தம்மை அனுப்பிவைத்தவரே தந்தைதான் என்பதை அவர் அறிவார். துயரத்தை அடக்கிக்கொண்டு, குழுவினருடன் வடக்கு நோக்கிப் பயணத்தைத் தொடர்ந்தார். அந்த முடிவு சரியா, தவறா என்று இன்று நாம் தீர்ப்புச் சொல்ல இயலாது. ஊரில் கைம்பெண்ணாய் இருந்த தாயின் பக்கத்தில் நின்று பார்த்தால் அது வேறாகவும் தோன்றக்கூடும்.

1939 பிப்ரவரியில் அவர்கள் யெனானை அடைந்தனர். மாவோ சேதுங், சூ தே ஆகியோர் அவர்களை வரவேற்றனர். யெனான் நகரம் வான்குண்டுகளால் சிதைந்திருந்தது. மக்கள் மஞ்சள் மண் குன்றுகளில் குடைந்த குகைகளில் வாழ்ந்தனர். மருத்துவமனையும் குகைகளே. அக்குகைகள் கோடையில் தண்மையும் குளிர்காலத்தில் ஓரளவு வெம்மையும் தருவன. மேலும், குண்டுகளுக்கு எளிதில் இடியாதவை. பஞ்சு வைத்துத் தைத்த தடித்த நீலநிற, சாம்பல்நிற ஆடைகளே அனைவருக்கும் உடை.

உணவு தினைச்சோறு. தினை என்றவுடன் நமக்குக் குறிஞ்சி நிலமும் வள்ளி காத்த புனமும் நினைவுக்கு வரும். அதே தினைதான் வடசீனத்து ஏழைகளுக்கும் படைவீரர்களுக்கும் அன்றாட உணவாக இருந்தது. மற்றொரு தானியமும் அப்பகுதியில் விளைந்தது, அது சோளம். ஆள் மறையும் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும் சோளக்கொல்லைகள், பகைவரின் கண்ணில் படாமல் வீரர்கள் நடமாடுவதற்குத் திரையாகப் பயன்பட்டன. சோலாப்பூர்ச் சோளக்கொல்லைகளின் நடுவே வளர்ந்தவருக்கு அந்தச் சீன நிலத்தில் அறிமுகமான பொருள் ஒன்றாவது இருந்தது.

மொழி அப்படி அன்று. தமிழில் 247 எழுத்துகளைக் கற்றுவிட்டால் எந்த நூலையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். மராத்தி மொழியும் இத்தகையதே. சீன மொழியில் எழுத்துகளைக் கூட்டிச் சொல்லாக்கும் முறை இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு பொருளைக் குறிக்கும். நாளிதழ் படிக்க வேண்டுமாயின் ஆயிரக்கணக்கான உருவங்களை நினைவில் இருத்த வேண்டும். ஒலிப்பும் கடினம். 'மா' என்பதை ஒரே சீராக ஒலித்தால் தாய். தாழ்த்தி உயர்த்தி ஒலித்தால் குதிரை. மொழி அறியாதவர் தாயை அழைக்க நினைத்துக் குதிரையை அழைத்துவிடுவார்!

ஒரு சில மாதங்கள் தங்கித் திரும்புகிறவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும். ஆனால் மருத்துவம் பேச்சிலிருந்து தொடங்குகிறது. எங்கே வலிக்கிறது, எப்போது முதல் வலிக்கிறது, காலை அசைக்க முடிகிறதா என்று கேட்டு, வரும் விடையை உணர்ந்தால்தான் நோயை அறிய இயலும். சாகும் நிலையில் இருக்கும் வீரன் சொல்வதை மூன்றாமவர் வழியாகக் கேட்பது எத்தகைய மருத்துவம்? கோட்னிஸ் சீன மொழியைப் பேசக் கற்றார். படிக்கவும் எழுதவும் கற்றார். பின்னர் அம்மொழியிலேயே மாணவர்களுக்குப் பாடம் நடத்தும் அளவுக்கு உயர்ந்தார். அவருடைய சாதனைகளுள் இதனையே முதலாவதாகக் கூற வேண்டும் என்று தோன்றுகிறது. அறுவைக் கத்தியைக் கையாளும் திறனை அவர் மும்பையிலிருந்தே கொண்டு சென்றார். மொழியையோ அங்கே போர்க்காலத்தில், ஓய்வு கிடைத்த சிறு சிறு பொழுதுகளில் ஈட்டினார். ஒருமொழி பேசும் வகுப்பில் வேறுமொழி பேசும் பிள்ளையாய் முதல் நாள் அமர்ந்திருந்த நினைவு உங்களுக்கு இருந்தால், அந்த உழைப்பின் அளவு உங்களுக்கு விளங்கும்.

சோல்கரும் முகர்ஜியும் 1939ஆம் ஆண்டிலேயே தாயகம் திரும்பினர். அடல், பாசு, கோட்னிஸ் ஆகிய மூவரும் அவ்வாண்டின் இறுதியில் யெனானிலிருந்து போர்முனை நோக்கிப் புறப்பட்டனர். அவர்கள் பணியாற்ற விரும்பிய மலைப்பகுதியைச் சூழ்ந்திருந்த நகரங்களும் இருப்புப் பாதைகளும் சப்பானியர் கையில் இருந்தன. பகைவரின் காவல் நிலைகளுக்கு இடையே, இரவு நேரத்தில், ஓசையின்றிப் பாதையைக் கடக்க வேண்டும். மருந்துப் பெட்டிகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. மருத்துவர்கள் குதிரைமீதும் கால்நடையாகவும் சென்றனர். உடல்நலம் குன்றிய அடல் 1940ஆம் ஆண்டில் திரும்பிவிட, எஞ்சியவர் இருவரே.

அம்மலைப்பகுதியில் அவர்களுக்கு முன்பே அயல்நாட்டு மருத்துவர் ஒருவர் பணியாற்றிப் பெரும்புகழ் பெற்றிருந்தார். அவர் கனடா நாட்டைச் சேர்ந்த நார்மன் பெத்யூன். வீரன் ஒருவனுக்கு அறுவை செய்துகொண்டிருந்தபோது பெத்யூனின் விரலில் காயம் ஏற்பட்டது. நச்சு இரத்தத்தில் கலந்து, 1939 நவம்பர் 12ஆம் நாள் அவர் உயிர் துறந்தார். அவருடைய நினைவிடம் 1940 சூன் மாதத்தில் திறக்கப்பட்டபோது கோட்னிசும் அங்கே இருந்தார். பின்னர் அவருடைய மனைவியான குவோ சிங்லான் என்னும் செவிலியர் ஆசிரியையும் அவ்விழாவுக்கு வந்திருந்தார். இந்திய மருத்துவர் ஒருவர் சீன மொழியில் பேசுவதைக் கேட்டு அவர் வியந்தார்; சீன எழுத்துகளையும் எழுதக் கண்டு மேலும் வியந்தார்.

அவ்வாண்டின் பிற்பகுதியில் பெரும்போர் மூண்டது. போர்முனைக்கு அருகில் அமைத்த தற்காலிக அறுவைக் கூடத்தில் கோட்னிஸ் பணியாற்றினார். காயமுற்றோர் தூக்குக் கட்டில்களில் வந்தவண்ணம் இருந்தனர். உறக்கமின்றி மூன்று பகலும் மூன்று இரவும், அஃதாவது 72 மணிநேரம், அவர் தொடர்ந்து அறுவைப் பணி செய்தார். அந்தப் போரில் மட்டும் 800க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு அவர் மருத்துவம் செய்ததாகக் கூறுவர். எண்ணிக்கையைப் படித்துவிட்டுக் கடந்துவிடாதீர்கள். மயக்க மருந்து போதாத காலம். துணிக்கட்டுகளைத் துவைத்து மீண்டும் பயன்படுத்திய காலம். அச்சூழலில் ஒவ்வொரு காயத்தையும் தூய்மையாக்கி, குண்டைத் தேடி எடுத்து, தைத்து முடிப்பதற்குள் அடுத்தவர் வந்து காத்திருப்பார்.

பின்னர்ப் பாசு யெனானுக்குத் திரும்பினார். (இந்தியா வந்த பிறகு, சீனத்து ஊசிமுனை மருத்துவத்தை நம் நாட்டில் பரப்பியவரும், இக்குழுவின் வரலாற்றைத் தம் நாட்குறிப்பின் வழியாக நமக்குத் தந்தவரும் இவரே.) கோட்னிஸ் அங்கேயே தங்கினார். ஐவராய் வந்த குழுவில் அம்மலைகளில் எஞ்சியவர் ஒருவர்.

1941 சனவரியில், பெத்யூனின் பெயர் தாங்கிய பன்னாட்டு அமைதி மருத்துவமனைக்கு அவர் இயக்குநராக அமர்த்தப்பட்டார். மருத்துவமனை என்றதும் பெரிய கட்டடத்தையும் வரிசையான கட்டில்களையும் எண்ணிக்கொள்ள வேண்டா. ஹெபெய் மாநிலத்து மலைச் சிற்றூர்களில் உழவர்களின் வீடுகளே நோயாளர் கூடங்கள். வடசீனத்து வீடுகளில் செங்கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய அகன்ற மேடை ஒன்று இருக்கும். அடுப்பின் புகையும் வெப்பமும் அதன் அடியில் உள்ள வழியே செல்வதால் மேடை வெதுவெதுப்பாய் இருக்கும். வீட்டார் உறங்குவதும் அதன்மேல்தான். இப்போது நோயாளரும் அதன்மேல். பகைவர் படை மலைக்குள் வருவதாகச் செய்தி கிடைத்தால், மருத்துவமனை முழுவதும் சில மணிநேரத்தில் கலைந்து மற்றோர் ஊருக்குச் செல்ல வேண்டும். நடக்க இயலாதோரை ஊர்மக்கள் தோளில் சுமந்தனர்.

இயக்குநரின் அன்றாட வாழ்வும் அத்தகையதே. காலையில் வீடு வீடாகச் சென்று நோயாளரைக் காண்பார். பின்னர் மருத்துவப் பள்ளியில் பாடம். பயில வந்தோரில் பெரும்பாலோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். உடலியல் படம் ஒன்றைக்கூட முன்பு பாராதவர்கள். அவர்களுக்கு ஏற்ற பாடநூல் இல்லாமையால், அறுவை மருத்துவம் பற்றிய நூலைச் சீன மொழியில் தாமே எழுதத் தொடங்கினார். படைவீரரோடு ஊர்மக்களும் அவரிடம் மருந்துக்கு வந்தனர். கரிய நிறமும் தாய்போன்ற பரிவும் கொண்டவர் என்பதனால், 'கரிய தாய்' என்று பொருள்படும் சீனச் சொல்லால் அம்மக்கள் அவரை அன்போடு அழைத்தனர். நிறத்தைச் சுட்டும் சொற்கள் ஏளனத்துக்கே பயன்படுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இங்கே அச்சொல் தாய் என்னும் சொல்லோடு சேர்ந்து நின்றது.

1941ஆம் ஆண்டின் இறுதியில் கோட்னிசுக்கும் குவோ சிங்லானுக்கும் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் ஆண்குழந்தை பிறந்தது. அப்பகுதிப் படைத்தலைவர் நியே ரோங்சென் குழந்தைக்கு 'யின்ஹுவா' என்று பெயர் சூட்டினார். 'யின்' என்பது இந்தியா. 'ஹுவா' என்பது சீனம்.

ஆனால் கோட்னிசின் உடல் அதற்குள் தளர்ந்திருந்தது. போதிய உணவின்மை, ஓய்வின்மை, கடுங்குளிர் ஆகியவற்றோடு வலிப்பு நோயும் சேர்ந்துகொண்டது. வலிப்பு வந்து நீங்கியதும், சற்றே படுத்திருந்துவிட்டுப் பணிக்குச் செல்வார். சிகிச்சைக்காக வேறிடம் செல்லும்படி மற்றவர்கள் வற்புறுத்தியபோதும் அவர் இசையவில்லை. பிறருடைய உடலின் ஒவ்வொரு குறியையும் உற்று நோக்கிய அந்த மருத்துவர், தம் உடல் காட்டிய குறிகளுக்கு அத்தகைய கவனத்தைத் தரவில்லை. தந்திருந்தால் இன்னும் பல ஆண்டுகள் பல உயிர்களைக் காத்திருப்பாரே என்ற ஏக்கம் இவ்வரலாற்றைப் படிப்போருக்கு எழுவது இயல்பு.

1942 டிசம்பரில் நோய் மிகுந்தது. வலிப்பு அடுத்தடுத்து வந்தது. அம்மாதம் 9ஆம் நாள், தம் 32ஆம் வயதில், அவர் காலமானார். குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிரம்பவில்லை. எழுதிக்கொண்டிருந்த நூல் முற்றுப்பெறாமல் நின்றது. ஊர்மக்கள் அவரை அருகில் இருந்த சிற்றூரில் அடக்கம் செய்தனர். போர்க்காலத்தில் அஞ்சல் செல்லும் வழிகள் அடைபட்டிருந்தன. மகன் வருவான் என்று காத்திருந்த சோலாப்பூர் வீட்டுக்கு அவன் இறந்த செய்திதான் வந்து சேர்ந்தது.

சீனம் சென்று திரும்பாத அம்மருத்துவரின் கதையைக் குவாஜா அகமது அப்பாஸ் நூலாக எழுதினார். அதனைத் தழுவி வி. சாந்தாராம் 1946ஆம் ஆண்டில் இந்தித் திரைப்படம் ஒன்றை எடுத்து, கோட்னிசாகத் தாமே நடித்தார். மகன் யின்ஹுவா தந்தையைப் போலவே மருத்துவம் பயின்றார். எனினும் 1967ஆம் ஆண்டில், கல்வி முடியும் முன்பே, இளமையில் இறந்துபோனார். குவோ சிங்லான் நெடுங்காலம் வாழ்ந்து, 2012ஆம் ஆண்டில் மறைந்தார். கணவர் திரும்பி வர இயலாத நாட்டுக்கு அவர் பலமுறை வந்து, சோலாப்பூர் உறவினர்களைக் கண்டு சென்றார்.

போர் ஓய்ந்த பின் கோட்னிசின் உடல் ஹெபெய் மாநிலத் தலைநகரான ஷிஜியாசுவாங்கில் உள்ள வீரர் நினைவுத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டது. அத்தோட்டத்தின் தென்புறத்தில் கோட்னிசின் கல்லறை உள்ளது; மேற்குப் புறத்தில் பெத்யூனின் கல்லறை. ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சீனர்கள் தம் முன்னோரின் கல்லறைகளைத் தூய்மைசெய்து மலர் வைத்து வழிபடும் நாள் ஒன்று உண்டு. அந்நாளில் அவ்வூர் மக்கள் இவ்விரண்டு கல்லறைகளுக்கும் மலர் கொண்டு வருகிறார்கள்.